கல்லடிப் பாலம் தாண்டிக் கூட்டிப்போன ஓட்டோ அண்ணனுக்கு

அண்ணன், உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி கல்லடியில் எங்கள் சிறிய சபைக்கு வந்தபோது ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சித்தி குடும்பம் அங்கேதான் போவது வழக்கம். அம்மா வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினா. நீங்கள்தான் ஓட்டோவை நிறுத்தினீர்கள்.

போதனா வைத்தியசாலை வாசலில் ஒரே சனம். வெயிலில் தரை கொதித்தது. நீங்கள் குனிந்து உங்கள் செருப்பைக் கழற்றி அம்மாவின் காலடியில் வைத்தீர்கள். “போடுங்க அம்மா, பிறகு பாப்பம்.” ஒரு வார் அறுந்து கம்பியால் கட்டிய நீலச் செருப்பு. காசு நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டு இரத்தம் கொடுப்பவர்களின் வரிசையில் போய் நின்றீர்கள். பிறகு காணவில்லை.

சித்தி பிழைத்தா. ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் பலர் பிழைக்கவில்லை. அதைப் பற்றி இன்னும் என்னால் எழுத முடியாது.

அதன்பின் சபையாகக் கூடுவதற்குப் பயந்து, ஐந்தாறு பேராக வீட்டு விறாந்தையில் ஜெபித்தோம். 23ஆம் சங்கீதம் வாசிக்கும்போது எல்லோருக்கும் தொண்டை அடைக்கும். அம்மா மட்டும் சத்தமாக, “செருப்புத் தந்த மகனையும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே” என்பா. அந்த ஜெபத்தைக் கேட்டுத்தான் நான் மறுபடி சபைக்குப் போகத் தொடங்கினேன்.

கோடி நன்றி, அண்ணன். செருப்பு கழுவி வாசலில் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், அம்மா உங்களைப் பார்க்க வேணுமாம்.