சட்டியில் என்ன எண்ணெய் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் சமையல் எண்ணெய் பற்றி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. கெட்ட கொழுப்பு எதில் குறைவு, எதைப் பொரிக்க வைக்கலாம், எதைத் தாளிக்க மட்டும் வைக்கலாம் என்று விவரமாகவே எழுதியிருந்தார்கள். படித்து முடித்தபோது எனக்கு ஒரு குறை மனசில் நின்றது. ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர், கோஷர் என்னும் தங்கள் மத உணவு விதியைப் பார்த்துச் சாப்பிடுகிற யூதர், சுத்த சைவமாக இருக்கிறவர், இவர்கள் எண்ணெய் டப்பாவைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி 'இது எதிலிருந்து வந்தது?' என்பதுதான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவன் நான். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மேலப்பாளையம். வாப்பா தறி நெய்தவர், உம்மா பீடி சுற்றியவர். நான் கல்யாணச் சமையலில் கரண்டி பிடித்துப் பழகி, அப்புறம் அபுதாபிக்குப் போய் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் ஊரோடு வந்துவிட்டேன். இப்போது மறுபடியும் கல்யாணச் சமையல்தான்.

கறி என்றால் இலையில் கண்ணுக்குத் தெரியும். வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம். கொழுப்பு அப்படி இல்லை. உருகி மாவுக்குள் போய்விட்டால் அது பன்றியா, மாடா, பனையா என்று நாக்குக்குத் தெரியாது. சாப்பிடுகிறவருக்குச் சமைத்தவனை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

1983-ல் வனஸ்பதியில் வெளிநாட்டு மாட்டுக் கொழுப்பைக் கலந்து விற்கிறார்கள் என்று நாடே கொந்தளித்தது. அந்தக் கொழுப்பை இறக்குமதி செய்வதையே அரசு தடை செய்தது. அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். உம்மா அடுக்களையில் இருந்த வனஸ்பதி டின்னைத் தூக்கிக் கொல்லைப்புறம் வைத்தார். நான் கேட்டேன், 'மாடு நமக்கு ஆகும்தானே உம்மா?' என்று. 'பிஸ்மி சொல்லி அறுத்ததா, செத்ததா, யாருக்குத் தெரியும்?' என்றார். அதே நாளில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்காவும் தன் வீட்டு டின்னை வெளியே கொட்டியிருந்தார். அவருக்குப் பசு என்பதே காரணம். இரண்டு வீட்டில் இரண்டு காரணம், டின் ஒன்று. 1857-ல் தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று பேச்சு எழுந்தபோது சிப்பாய்கள் ஏன் அப்படித் துடித்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. காலியான டின்னில் உம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்தார். அது மரமாகி இன்னும் நிற்கிறது.

யூதர்களின் சட்டத்தை நான் தெரிந்துகொண்டது அபுதாபியில். 2020-ல் எமிரேட்ஸும் இஸ்ரேலும் உறவு வைத்துக்கொண்டபின், அங்கே ஹோட்டல்களில் கோஷர் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நான் இருந்த ஹோட்டலில் ஒரு சின்னச் சமையலறையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். கண்காணிக்க ஒரு பெரியவர் வந்தார். அவரை 'மஷ்கியாஹ்' என்பார்கள். தினமும் அடுப்பை அவர்தான் பற்றவைப்பார். அதற்குப் பிறகுதான் நாங்கள் கரண்டியைத் தொடலாம். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். எண்ணெய் கேன் வந்து இறங்கினால் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், திருப்பித் திருப்பிப் பார்த்து, கோஷர் முத்திரை கண்ணில் பட்டபின்தான் கீழே வைப்பார்.

'சூரியகாந்தி எண்ணெய்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது?' என்று ஒருநாள் கேட்டேன். 'எண்ணெயில் ஒன்றும் இல்லை. சுத்திகரிக்கிற ஆலையில் அதே குழாயில் மிருகக் கொழுப்பும் ஓடியிருக்கலாம். ஏற்றிவந்த டேங்கர் போன தடவை மாட்டுக் கொழுப்பு ஏற்றியிருக்கலாம்' என்றார். எனக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது. அத்தனை வருஷம் சமைத்தும் எனக்கு அந்த யோசனை வந்ததில்லை.

இன்னொரு நாள் ஆட்டுக்கறிப் பிரியாணி கேட்டிருந்தார்கள். நெய் டப்பா எடுத்து வரட்டுமா என்றேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். நெய் பாலிலிருந்து வந்தது, பாலும் கறியும் ஒரு சட்டியில் சேரக்கூடாது. 'ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே' என்று அவர்கள் வேதமான தவ்ராத்தில் மூன்று இடத்தில் வருகிறதாம். அதனால் பாலுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒரு பாத்திரம், கழுவும் தொட்டிகூட வேறு வேறு. தயிரும் கூடாது. நெய்யும் தயிரும் இல்லாமல் பிரியாணியா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. வெங்காயத்தை எண்ணெயிலேயே நன்றாகச் சிவக்க வதக்கி, தயிருக்குப் பதில் எலுமிச்சையும் தக்காளியும் போட்டு, தம் போடும்போது கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினேன். நன்றாகவே வந்தது. செங்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. அங்கே வாழ்ந்த யூதர்கள் காலம்காலமாகக் கறிக்குத் தேங்காய்ப்பாலும் தேங்காய் எண்ணெயும்தான் சேர்த்தார்கள். எனக்குப் புதிதாகத் தோன்றியது நம் பக்கத்து ஊர்ப் பழைய வழக்கம்.

கொழுப்பு விஷயத்தில் நாங்களும் அவர்களும் பாதி வழி ஒன்றாகப் போய்ப் பாதியில் பிரிகிறோம். பன்றி இரண்டு பேருக்கும் விலக்கு, அறுப்பு முறையாக நடக்க வேண்டும் என்பதும் இரண்டு பேருக்கும் உண்டு. ஆனால் ஆட்டுக் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளைவெளேர் என்று இருக்கும் கொழுப்பு எங்களுக்கு ஹலால், கறிக்கடையில் கேட்டு வாங்குவோம். அவர்களுக்கு அது முறையாக அறுத்த ஆடாகவே இருந்தாலும் ஆகாது. வெட்டி எடுத்துத் தூரப் போட்டுவிட வேண்டும். ஆடு மாடுகளின் கொழுப்பு யூதர்களுக்குத் தடுக்கப்பட்டது என்றும், முதுகிலும் குடலிலும் எலும்போடும் ஒட்டியிருப்பது நீங்கலாக என்றும் குர்ஆனில் ஆறாவது அத்தியாயம் 146-வது வசனத்தில் வருகிறது. சின்ன வயதிலிருந்து ஓதிய வசனம். அதை ஒருவர் கத்தியும் கையுமாக நின்று கடைப்பிடிப்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன்.

கறிக்கு வெண்ணெய் ஆகாது, பன்றிக் கொழுப்பு ஆகாது, குளிர் தேசத்தில் எண்ணெய்வித்தும் அரிது. அதனால் ஐரோப்பாவில் யூத வீடுகளில் கோழிக் கொழுப்பையும் வாத்துக் கொழுப்பையும் உருக்கி வைத்துக்கொண்டார்கள். 1911-ல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயை உறையவைத்து 'கிரிஸ்கோ' என்று விற்க ஆரம்பித்தபோது, பாலும் இல்லை, மிருகமும் இல்லை என்பதால் யூதக் குடும்பங்களைக் குறிவைத்தே விளம்பரம் செய்தார்கள்.

ஒரு தடவை லீவு முடிந்து போகும்போது திருநெல்வேலி அல்வா வாங்கிப்போய் அந்தப் பெரியவருக்குக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து மணத்தை முகர்ந்து பார்த்தார். 'நெய்யா?' என்றார். ஆமாம் என்றேன். மதியம் கறி சாப்பிட்டிருக்கிறேன், ஆறு மணி நேரம் கழித்துத்தான் பால் சேர்ந்ததைத் தொடுவேன், அதோடு யார் கண்காணித்துச் செய்தது என்ற முத்திரையும் இதில் இல்லை என்று சொல்லி, மூடியை மெதுவாக அழுத்தி மூடி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார். அந்த நேரத்துக்கு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்தபிறகு, ரொட்டிக்கடையில் 'எதில் சுட்டது?' என்று கேட்காமல் காசு கொடுக்காத உம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து நம் கடைகளில் கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை. டவுனில் ரதவீதிப் பக்கம் இருக்கும் என் நண்பர் ஒருவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், பிறந்ததிலிருந்து சைவம். இரண்டு பேரும் ஒரு வேலையாக ஜங்ஷனுக்குப் போனபோது ஒரு ஹோட்டலில் காலிஃபிளவர் வறுவல் வாங்கினோம். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டிருப்பார். நான் கை கழுவ எழுந்து போனபோது அடுப்பைப் பார்த்தேன். கோழித் துண்டுகளை அள்ளிய ஜல்லிக் கரண்டியைச் சட்டி விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதே எண்ணெயில் காலிஃபிளவரைப் போடுகிறார் மாஸ்டர். மேலே கருகிய மசாலாத் தூள் மிதக்கிறது. முதலாளியிடம் கேட்டேன். 'எண்ணெய் கொதிச்சா எல்லாம் ஒண்ணுதான் பாய்' என்றார். அண்ணாச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்துப்போனேன். சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டைத் தள்ளி வைத்து, வாய் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் வீட்டில் சொன்னார்கள். அந்தக் கோழி எப்படி அறுத்தது என்று எனக்கும் தெரியாது. நானும் அந்தத் தட்டில் கை வைத்தவன்தான்.

எல்லாருக்கும் பொதுவாக ஆகிற எண்ணெய்க்கு நம் சீமையில் பஞ்சமே இல்லை. செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய். இவற்றில் மிருகமும் இல்லை, பாலும் இல்லை. கண்முன்னே ஆட்டித் தருகிற செக்கில் டேங்கர் சந்தேகமும் இல்லை. வசதி இல்லாதவருக்கு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் இருக்கிறது. மறுவீட்டு விருந்துக்கு அண்ணாச்சி வீட்டில் வைக்கும் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் காய்கறியும் பாசிப்பருப்பும்தான். தாளிப்பை நெய் இல்லாமல் எண்ணெயில் கொட்டினால், அந்தக் குழம்பில் ஹலால் பார்ப்பவருக்கோ கோஷர் பார்ப்பவருக்கோ விலக்கான பொருள் ஒன்றுகூட இல்லை. கோஷர்காரர் தனிப் பாத்திரமும் கண்காணிப்பும் கேட்பார். அது வேறு விஷயம்.

கடைச் சரக்கு வாங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டுப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் மிருகக் கொழுப்பு கிடையாது. பழுப்பு முக்கோணம் இருந்தால் என்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். பச்சைப் புள்ளிக்குள் பாலும் நெய்யும் அடங்கும், ஆகவே கோஷர்காரருக்கு அது மட்டும் போதாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பெட்டியில் கொண்டுவரும் பிஸ்கட், சாக்லேட்டில் இந்தப் புள்ளி இருக்காது. அதில் 'லார்டு' என்றால் பன்றிக் கொழுப்பு. 'டாலோ' என்றால் மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ. 'சூயட்' என்றால் குண்டிக்காய்க் கொழுப்பு. 'ஷார்ட்டனிங்' என்று மட்டும் போட்டிருந்தால் எதுவாகவும் இருக்கலாம். 471 என்ற எண் இருந்தால், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கிற ஒரு பொருள் அது. அதைச் செடியிலிருந்தும் எடுக்கலாம், மிருகத்திலிருந்தும் எடுக்கலாம். என் பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லண்டனிலிருந்து மருமகன் கொண்டுவந்த டப்பாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, 'டாலோ இருக்கு தாத்தா' என்று தனியே எடுத்து வைத்தவள் அவள்தான்.

பாக்கெட்டுக்காவது எழுத்து இருக்கிறது. பேக்கரித் தட்டில் இருக்கும் பப்ஸுக்கும் கேக்குக்கும், எண்ணெய்ச் சட்டியிலிருந்து வரும் வடைக்கும் பஜ்ஜிக்கும் எந்த எழுத்தும் இல்லை. எண்ணெயை உதிரியாக விற்கக்கூடாது என்று சட்டம் இருந்தும், பெயரில்லாத டின்னில் வாங்கி ஊற்றுகிற இடங்கள் இருக்கின்றன. ஹோட்டல், பேக்கரி, கல்யாண மண்டபம் நடத்துகிறவர்களை நான் கேட்பது ஒரு பலகைதான். என்ன எண்ணெய், என்ன நெய், கறிக்கும் காய்க்கும் சட்டி தனியா ஒன்றா. இதை எழுதி வைக்க ஒரு சாக்பீஸ் போதும். நான் சமைக்கிற மண்டபங்களில் பந்தி வாசலில் இப்போது எழுதி வைக்கிறேன். நெய்ச்சோறு பசு நெய், கறி கடலை எண்ணெய், ஆடு ஹலால் அறுப்பு, காய்கறிக்குத் தனிச் சட்டி, தேங்காய் எண்ணெய் என்று நாலு வரி. அதைப் பார்த்து யாரும் சாப்பிடாமல் திரும்பிப் போனதில்லை. இரண்டொருவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சந்தேகம் கேட்டார்கள், சொன்னேன்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்த விவரங்களை ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நகல் எடுத்து, மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் எனக்குத் தெரிந்த கடைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்யாணச் சமையல்காரர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.