ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் புத்தகம் தந்த அக்காவுக்கு

போன ஐப்பசியில் அம்மாவை அங்கே சேர்த்திருந்தோம். ராத்திரி வெளியே தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பழுப்பு அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து, "படிம்மா, மனசு லேசாகும்" என்று நீட்டினீர்கள்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் பாடு. படிக்கப் படிக்க, காசிமேட்டில் ஐஸ் மீனை அள்ளி அள்ளி வெடித்துப்போன அம்மாவின் விரல்கள்தான் கண்முன் நின்றன. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அப்புறம் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நம்மைப் போன்றவர்கள் படும் பாட்டை ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பதே பெரிய துணையாக இருந்தது.

விடிந்தபோது நீங்கள் இல்லை. நீங்கள் அடையாளம் வைத்த பஸ் டிக்கெட் அதே பக்கத்தில் இருக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சாயங்காலம் நான் படிக்க, அவர்கள் கேட்கிறார்கள். ரொம்ப நன்றி அக்கா.