அது தானம் அல்ல, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க மேயர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்ரிக்கு அதில் கிடைத்தது ஒரே வரி: 'ஏழைகளுக்கு உருளைக்கிழங்கு தானம் செய்த செருப்பு வியாபாரி.' இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

தானமா ஐயா அது? 1893இல் அங்கே வங்கிகள் விழுந்து ஆலைகள் மூடின. அடுத்த வருடம் பிங்ரி, ஊரைச் சுற்றிச் சும்மா கிடந்த மனைகளைச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி, உழுது, விதைக் கிழங்கோடு வேலையில்லாத குடும்பங்களிடம் ஒப்படைத்தார். சுமார் 430 ஏக்கர். பணத்துக்காகத் தன் குதிரையையே ஏலம் விட்டார். நட்டதும் களை எடுத்ததும் தோண்டி வீட்டுக்குக் கொண்டுபோனதும் அந்த ஜனங்கள். யாரும் கையேந்தவில்லை. முதலில் ஊரே கேலி செய்தது. அப்புறம் பஃபலோ போன்ற நகரங்களும் இதே வழிக்கு வந்தன.

'வியாபாரி' என்ற சொல்லும் வலித்தது. அவர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்டு ஆண்டர்சன்வில் என்ற போர்க்கைதிச் சிறையில் கிடந்து மீண்டவர். 1866இல்தான் கூட்டாளியோடு சொந்தத் தொழில் தொடங்கினார். ஆம்பூரில் 31 வருடம் கட்டிங் டேபிளில் நின்றவன் நான். முதுகுத் தோல் இறுக்கமாக இருக்கும், வயிற்றுத் தோல் இழுத்தால் நீளும். முன்பக்கத் துண்டை முதுகில்தான் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் ஷூ ஒரு மாதத்தில் தொளதொளத்துப் போகும். விரலால் தடவியே இதைக் கண்டுபிடிக்கப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த மேஜையில் நின்றவருக்குக் கூலிக்காரன் பசி தெரியாமல் இருக்குமா?

ஐந்து சென்ட் வாங்கிய ட்ராம் கம்பெனிகளோடு மல்லுக்கட்டி, 1895இல் ஏறக்குறைய மூன்று சென்ட்டுக்கு ஓடும் புதுக் கம்பெனியைக் கொண்டுவந்தார். தெருவிளக்குக்கு நகரமே மின்சாரம் எடுக்க வழி செய்தார். 1889 தொடங்கி நான்கு முறை மக்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியைத் திருத்தாமல் அச்சேற்றிவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஊர்த் தொழிலாளர்களையும் 'செருப்புத் தைப்பவர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள். அன்றும் எழுதினேன். கடிதம் இதழில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 22 வருட வாசகனுக்கு அதற்கு மேல் என்ன செய்யத் தெரியும்?

டெட்ராய்ட்டில் மகள் வீட்டுக்குப் போனபோது கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் அவர் சிலையைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். 'மக்களின் அபிமானத் தலைவர்' என்ற பொருளில் பீடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், 'தானம் என்று எழுதியது தவறு. அவர் கொடுத்தது நிலமும் விதையும்' என்று இரண்டு வரி போடுங்கள். கட்டுரையாளர் பெயர் வேண்டாம். என் பெயரும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாசகன்,
ஆம்பூர்.