தொண்ணூறு நொடி

கல்லிடைக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள சேக்காளிக்கு,

நலம்தானே? அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது. அப்பளக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் எனக்கும் லேபிள் வேலை குறைவு. கடிதம் எழுத நேரம் கிடைத்தது.

போன தடவை கடைக் கம்ப்யூட்டரைப் பற்றிப் புலம்பியிருந்தேனே, அது தீர்ந்தது. அப்டேட் போட்ட நாளிலிருந்து அணைய மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு ஷட் டவுன் கொடுத்துவிட்டு, கையில் பூட்டோடு வாசலில் நிற்பேன். திரையில் லோகோ மட்டும் இருக்கும். அம்பாசமுத்திரம் பஸ் என் கண்ணெதிரே ஆற்றுப்பாலத்தைப் பார்த்துப் போய்விடும். இரண்டு நாள் கடுப்பில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகை ஃபைல் திறக்கவே இல்லை. பெண் வீட்டாரிடம் வாங்கிய பேச்சு இருக்கட்டும், அதை நேரில் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எரிச்சலில் எஸ்கேப் கீயைத் தட்டினேன். லோகோ விலகி, பின்னால் கறுப்புத் திரை. ‘ஸ்டாப் ஜாப்’ (எதையோ நிறுத்தும் வேலை நடக்கிறதாம்) என்று ஒரு வரி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரங்கள் இப்படியும் அப்படியும் ஓடுகின்றன, நொடிக் கணக்கு 41, 42, 43 என்று ஏறுகிறது. எல்லை ஒன்றரை நிமிடம். கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதில் ஒவ்வொன்றையும் தொடங்கவும் நிறுத்தவும் சிஸ்டம்டி என்று ஒன்று உண்டு. நிற்கச் சொன்னது நிற்காவிட்டால் 90 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிடித்துத் தள்ளும். சரி, யாருக்காக இந்தக் காவல் என்று வரியை முழுக்கப் படித்தால், அடுத்த மேசைக் கம்ப்யூட்டரின் லேபிள் ஃபோல்டர்!

டிசைன் செய்யும் பெண் ஆறு மணிக்குத் தன் மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அதிலுள்ள ஃபோல்டரை நான் நெட்வொர்க் வழியாக என்னுடையதில் இணைத்து வைத்திருந்தேன். என் மெஷின் அணையும்போது அதை முறைப்படி கழற்றிவிட வேண்டும். எதிர்முனையோ மூன்றரை மணி நேரத்துக்கு முன்பே அணைந்தாயிற்று. பதில் எங்கிருந்து வரும்? அந்த ஃபோல்டரை இணைத்ததும் அப்டேட் போட்டதும் ஒரே வாரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நான் ஒரு மாதமாகக் காக்கையைத் திட்டியிருக்கிறேன்.

தேவைப்படும்போது மட்டும் இணைந்து, சும்மா இருந்தால் தானாகவே விலகும்படி எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்த ஃபோல்டரை எங்கே இணைப்பது என்ற பட்டியல் அது) மாற்றிவிட்டேன். நேற்று எட்டு நொடியில் அணைந்தது.

அந்த 90 நொடியை 10 ஆக்கிவிடேன் என்று நீ கேட்பாய். செய்யலாம்தான். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகூட 2023இல் 38ஆம் பதிப்பில் 45 ஆகக் குறைத்தது. ஆனால் பில் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது பத்தாவது நொடியில் கழுத்தைப் பிடித்தால்? பத்திரிகை ஃபைலில் பட்டது போதும்.

உன் விண்டோஸ் மெஷினும் அணைய நேரமாகிறது என்றாயே, அந்த விஷயம். அப்டேட் இறங்கிய அன்று தாமதமானால் விட்டுவிடு, உள்ளே உண்மையாகவே வேலை நடக்கிறது. வாரம் கழிந்தும் அப்படியே என்றால் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று விண்டோஸ் 8இல் கொண்டுவந்தார்கள். அது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும். ரீஸ்டார்ட்தான் தலைமுழுகுவது, எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வருகிறாய் என்று அக்கா சொன்னாள். வரும்போது உன்னிடம் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வா.

பஸ் வரும் நேரம். ஷட் டவுன் கொடுத்துவிட்டேன்.

உன் சேக்காளி