தூண்டில் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: வாய்க்கால் முகாமுக்கு ஒரு பை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு முறைப்படி கூடியது. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. பாக்கி யாருடையது என்பது பாக்கிக்காரருக்கே தெரியும். மற்றபடி இந்த அறிக்கை இரவல் பையைப் பற்றியது; அதாவது வாய்க்காலில் தூண்டில் போட வரும் புதியவர்களுக்குச் சங்கம் இரவல் கொடுக்கும் தூண்டில் சாமான் பை. இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலை அதுதான்.

ஈரோடு வட்டாரத்தின் கீழ்பவானி, காலிங்கராயன், தடப்பள்ளி வாய்க்கால்களை ஒட்டிய தோட்டங்களில் ஓர் இரவு தங்கித் தூண்டில் போட வரும் புதியவர்கள், கடலுக்கான பத்தடிக் கோலையும் கனத்த ரீலையும் வாங்கி வந்து நிற்கிறார்கள். வாய்க்கால் கரையில் தலைக்கு மேலே தென்னை மட்டையும் மின்கம்பியும் இருக்கும், பின்னால் வேலிக்காத்தான். அங்கே பத்தடிக் கோலைத் தூக்கவே இடமில்லை. ஜிலேபியும் கெண்டையும் கெளுத்தியும் எட்டிய தூரத்திலேயே கிடக்கும்போது அவ்வளவு தூரம் வீசவும் வேண்டியதில்லை. ஆகவே பள்ளிக்கூடப் பை ஒன்றில் அடங்குகிற அளவே போதும் என்று செயற்குழு முடிவு செய்தது.

கோல்: மடக்கு ஃபைபர் கோல், ஏழு அடி. மடக்கினால் சுமார் 45 செ.மீ. கார்பன் கோல் எடை குறைவுதான். ஆனால் பைக் பெட்டியில் இடிபட்டால் விரிசல் விடும், மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஃபைபர் என்றாலும் நனைந்த கோலை மின்கம்பிக்கு அடியில் தூக்கக் கூடாது. இடி இடித்தால் எந்தக் கோலானாலும் கீழே வைத்துவிட வேண்டும்.

திரும்பி வந்த பைகளில் அதிகம் பழுதானது இந்தக் கோல்தான். காரணம் எப்போதும் மணல். கோலை நீட்டும்போது நுனித் துண்டிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து, வளையங்களை ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, லேசாகத் திருகி இறுக்க வேண்டும். மடக்கும்போது அடித்துண்டிலிருந்து தொடங்க வேண்டும். சாட்டையைப் போல உதறி நீட்டினால் மூட்டு சிக்கிக்கொள்ளும், பிறகு கழற்ற வராது. மணல் புகுந்த மூட்டைக் குறடால் பிடித்துத் திருகினால் குழாய் நசுங்கிவிடும். அடிமூடியைக் கழற்றித் தண்ணீர் விட்டு மணலை வெளியேற்றி, இரண்டு பக்கமும் துணியால் பிடித்து நேராகத் திருகினாலே போதும். அதற்காகத்தான் ஒவ்வொரு பையிலும் ஒரு பிடி பனியன் வேஸ்ட் (கழிவுத் துணி) வைத்திருக்கிறோம். மடக்குமுன் ஒவ்வொரு துண்டையும் துடைத்து வைத்தால் இந்த வேலையே வராது.

ரீல் ஸ்பின்னிங் வகை; 2000 என்பது அதன் அளவு எண். அதைவிடப் பெரிய ரீலுக்குச் செலவழிப்பது வீண். மிச்சப் பணத்தைத் தூண்டில் நரம்புக்கும் முள்ளுக்கும் போடுங்கள். நரம்பு 0.25 மி.மீ. நைலான், 100 மீட்டர். ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) நிறையாவிட்டால் அடியில் பழைய நரம்பைச் சுற்றி, மேலே புதியதைச் சுற்றலாம். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்த வேண்டும். வழிய வழியச் சுற்றினால் முதல் வீச்சிலேயே கொத்தாகக் கழன்று சிக்கும். குறைத்துச் சுற்றினால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. வீசியபின் ரீலின் கம்பி வளையத்தைக் கையால் மூட வேண்டும். கைப்பிடியைச் சுற்றி மூடுவதும், மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது பதற்றத்தில் ரீலைச் சுற்றுவதும் நரம்பை முறுக்கேற்றிவிடும்.

மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுப்பதற்கான இழுவைத் திருகு எவ்வளவு இறுக்கம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி, கோலை நீட்டாமல் ரீலிலிருந்து நேராகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்போது ரீல் மெல்ல நரம்பை விட வேண்டும். அது ஒரு கிலோ. சுமார் 4 கிலோ தாங்கும் நரம்புக்குச் சரியான அளவு.

முள் இரண்டு அளவு போதும். ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 10ஆம் எண், கெளுத்திக்கு 6ஆம் எண். எண் கூடக்கூட முள் சிறுத்துக்கொண்டே போகும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். ஜிலேபிக்கு வாய் சிறிது. பெரிய முள்ளைப் போட்டால் இரையைக் கொறித்துத் தின்றுவிட்டுப் போய்விடும், தக்கை ஆடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் மாட்டாது. தண்டு நீண்ட முள்ளாக இருந்தால் கழற்றுவதும் சுலபம். முள், ஈயம், சுழலி (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் சிறு இணைப்பு) எல்லாம் ஒரு சோப்பு டப்பாவில் அடங்கும். நரம்பு வெட்ட நகவெட்டி, முள் கழற்ற மூக்குக் குறடு, தலைவிளக்கு: இவை தவிர வேறு சாமான் வேண்டாம்.

முடிச்சு ஒன்றே போதும். நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, தாய் நரம்பைச் சுற்றி ஐந்து முறை முறுக்குங்கள். நுனியைக் கண்ணுக்கு அருகிலுள்ள சிறு வளையத்தில் நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய வளையத்திலும் நுழைத்து, எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இழுத்தால் உரசும் சூட்டில் நைலான் அந்த இடத்திலேயே பலமிழக்கும். "மீன் நரம்பை அறுத்துவிட்டது" என்று வருவோரின் நரம்பு நுனியைப் பாருங்கள்: சுருட்டை சுருட்டையாக இருந்தால் அவிழ்ந்தது முடிச்சு, மீன் மேல் குற்றமில்லை.

தண்ணீர் நின்ற இடத்தில் தக்கைத் தூண்டில். காய்ந்த சோளத்தட்டின் நெட்டி ஒரு சாண் இருந்தால் கடைத் தக்கை வேண்டாம். ஆனால் ஊறிவிடும், இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முள்ளில் ஓர் ஈயத்தை அழுத்திப் பொருத்தி ஆழம் பாருங்கள். தக்கை மூழ்கினால் ஆழம் இன்னும் இருக்கிறது, தக்கையை மேலே நகர்த்த வேண்டும். படுத்துக்கொண்டால் கீழே இறக்க வேண்டும். இரை தரைக்கு நாலு விரல் மேலே தொங்கினால் ஜிலேபிக்குச் சரி. பிறகு அந்த ஈயத்தைக் கழற்றி, முள்ளுக்கு 15 செ.மீ. மேலே சிறியதாக ஒன்று, அதற்குமேல் மீதி ஈயம் என்று அழுத்திப் பொருத்தி, தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி செய்யுங்கள். தக்கை அதிகம் வெளியே நின்றால் மீன் அதன் எதிர்ப்பை உணர்ந்து இரையைத் துப்பிவிடும்.

ஓட்டத்தில் தக்கை நிற்காது. அங்கே ஓட்டை ஈயம் 15 கிராம், ஒரு பாசிமணி, சுழலி, அதற்குக் கீழே 30 செ.மீ. கீழ்நரம்பு. உருண்டை ஈயம் உருண்டு ஓடும்; தட்டை ஈயம் தங்கும். கீழ்நரம்பை 0.20 மி.மீ. போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அடியில் மட்டையிலோ கல்லிலோ மாட்டினால் முள் மட்டும் போகும், மற்றது தப்பும்.

இரைக்குப் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது மண்புழு; எருக்குழி ஓரம் தோண்டினால் கிடைக்கும், ஈரமண்ணோடு நிழலில் வைக்க வேண்டும். தெளிந்த தண்ணீரில் மாவு: கோதுமை மாவு ஒரு டம்ளர், கடலைப் புண்ணாக்குத் தூள் அரை டம்ளர், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக. இளகினால் வீசும்போதே பறந்துவிடும். ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசைந்தால் முள்ளில் பிடித்துக்கொள்ளும்.

பாதுகாப்பு. வாய்க்காலின் கான்கிரீட் சரிவில் பாசி பிடித்திருக்கும், விழுந்தால் பிடிக்க ஏதும் இல்லை. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மூழ்குகிறார்கள். மதகு, கீழ்ப்பாலம், நீர்வீழ்ச்சி இவற்றின் அருகில் தூண்டில் போட அனுமதியில்லை. பதினைந்து மீட்டர் கயிறு பையில் இருக்கிறது. அதைக் கூடாரம் கட்ட எடுத்துக்கொண்டவர்கள் திருப்பி வையுங்கள். கரையிலேயே படுக்கக் கூடாது. தோட்டத்துக்காரரிடம் முன்னதாகவே கேட்டு, களத்திலோ தோட்டத்துச் சாலையிலோ (கொட்டகை) கயிற்றுக் கட்டிலில் படுக்கலாம். கட்டுவிரியன் இரவில் தரைப் படுக்கைக்குள் நுழையும். கரும்புச் சோகைக்கும் தட்டுப்போருக்கும் அருகில் அடுப்பு மூட்டாதீர்கள்.

கெளுத்தியின் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முள் குத்தினால் கடுக்கும். கை தாங்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மீனைத் துணியால் மூடிப் பிடித்தால் இந்த வேலையில்லை.

வெடி, விஷம் போட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே தடுக்கிறது. அப்படிச் செய்பவரை உறுப்பினராக வைத்துக்கொள்வதற்கில்லை. ஏலம் போன குளங்களில் குத்தகைதாரரைக் கேட்காமல் தூண்டில் போட வேண்டாம். குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரியும் விராலை விட்டுவிடுங்கள். சாயக்கழிவு கலந்த நொய்யல் பகுதிகளில் பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டால் கொக்கின் காலிலும் மாட்டின் காலிலும் சுற்றும். சுருட்டிக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்கள் முன்வைக்கப்படுகின்றன. இரவல் பைகளின் நரம்பு ஆண்டுதோறும் மாற்றப்படும், ஏனென்றால் வெயிலில் நைலான் நைந்துவிடும். முடிச்சுப் பயிற்சி முடிக்காதவருக்குப் பை தரப்படாது. கீழ்பவானியில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பதால், எல்லாப் பைகளும் ஜூலைக்குள் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும். பையை ஒப்படைக்கும்போது கோலைத் துடைத்து, ஈயத்தை எண்ணி, பதிவேட்டில் கையொப்பமிடவும்.

இவண்,
செயலாளர்