மனு எழுதும் அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஊர்க்காரர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், சிங்கப்பூரில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் தோழிகளுக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் நிரந்தரவாசம் கிடைத்துவிட்டது. எனக்கு, என் கணவருக்கு, பையனுக்கு, மூவருக்குமே. இந்த வாரம்தான் கடிதம் வந்தது. இதை எழுதும்போதும் கை நிலைகொள்ளவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன சிக்கல், எங்கே போய் நின்றது, ஐப்பசி மழையில் அப்பா எங்கெல்லாம் அலைந்தார் என்பதெல்லாம் மயிலாடுதுறையிலிருந்து சிராங்கூன் சாலை வரை தெரிந்த கதை. அதை இங்கே மறுபடியும் அவிழ்க்கப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவரை மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. மடலில் பாதிக்கு மேல் அவருக்கே போய்விடும். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் வருகிறேன்.

தாலுகா அலுவலகத்துக்கு வெளியே, சுற்றுச்சுவரை ஒட்டி உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிற அம்மா அவர். பெயரை எங்கேயும் போடக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், மடியில் ஓர் எழுதுகிற அட்டை, நீல மைப் பேனாக்கள், மழை வந்தால் காகிதத்தைத்தான் முதலில் மூடும் ஒரு குடை. அவரிடம் இருந்த அலுவலகம் அவ்வளவுதான்.

அப்பா அவரிடம் போனது என் பிறப்புச் சான்றிதழைத் திருத்தக் கேட்டு மனு எழுதிக்கொள்ள. காரணம் உங்களுக்குத் தெரியும். நிரந்தரவாச விண்ணப்பத்தோடு நான் அனுப்பிய காகிதங்களில் என் பிறப்புச் சான்றிதழ் தஞ்சாவூர் மாவட்டம் என்றது. ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்றது. கல்யாணப் பதிவிலும், 2018இல் பிறந்த பையனின் பிறப்புச் சான்றிதழிலும் நாகப்பட்டினம் மாவட்டம். இப்போதைய முகவரியில் மயிலாடுதுறை மாவட்டம். வீடு ஒன்றுதான், திண்ணைகூட மாறவில்லை. ஆனால் எங்கோ ஒரு மேசையில் இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? விளக்கம் கேட்டார்கள். கேட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கெடுதான் குறைவாக இருந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் சொன்னது, பிறப்புச் சான்றிதழில் மாவட்டத்தை மாற்றி வாங்கிவிடுங்கள் என்பதுதான். பணம் கொடுத்தால் புதிதாகவே ஒன்று எடுத்துத் தருவதாக ஓர் ஆளும் வீடு தேடி வந்தார். அப்பா அவரை அனுப்பிவிட்டு, முறையாக மனுவே போட்டுவிடலாம் என்று கிளம்பினார்.

மனு அம்மா எல்லாவற்றையும் வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். பிறகு, "ஐயா, இந்த மனுவை நான் எழுத மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனு எழுதிப் பிழைக்கிறவர் மனு எழுத மாட்டேன் என்றால் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்து எழுந்துவிட்டாராம். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லி, இப்படிச் சொல்லியிருக்கிறார்: "உங்கள் மகள் பிறந்தபோது மயிலாடுதுறை மாவட்டம் என்று ஒன்று இந்த உலகத்திலேயே இல்லை. இல்லாத மாவட்டத்தில் அவள் பிறந்ததாகக் காகிதம் வாங்கிக் கொடுத்தால் அதுதான் பொய்க் காகிதம். இப்போது உங்கள் கையில் இருக்கிற நான்கும் உண்மை. உண்மையை எதற்குத் திருத்த வேண்டும்? எப்போது எது மாறியது என்று சொன்னால் போதும்."

இந்த வாக்கியங்களை அப்பா தொலைபேசியில் சொன்னபோது நான் இரவுப் பணியில் இருந்தேன். மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள், படித்தவர்கள், நான் உட்பட எத்தனை பேர் அந்தக் காகிதங்களைப் புரட்டியிருந்தோம்.

அவர் எழுதியது ஒரே ஒரு பக்கம். 18-10-1991இல் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பிரித்து நாகை மாவட்டம் உருவானது. அது காயிதே மில்லத் பெயரோடு இருந்தது. 1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டபோது வெறும் நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது. 28-12-2020 முதல் மயிலாடுதுறை தனி மாவட்டம். மேற்படி கிராமம், மேற்படி கதவு எண், இடம் மாறவில்லை. இவ்வளவுதான். (நன்னிலம் பக்கத்துச் சொந்தங்களே, உங்களுக்கு 1997இல் திருவாரூர் மாவட்டம் வந்து சேர்ந்தது. உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்கும், இதை அப்படியே பார்த்து எழுதிவிடாதீர்கள்.) அதோடு, எந்தக் காலத்தில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று கேட்க இன்னொரு மனு. எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனால் அவர் இருக்கையில் இருப்பார் என்பதும் சேர்த்து.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் அவருக்குக் கடன்பட்டிருப்பேன். ஆனால் ஓர் அலுவலகத்தில், இளம் ஊழியர் ஒருவர் என் மாற்றுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மாவட்டமே கிடையாதே, பள்ளிக்கூடத்தில் தவறாக எழுதியிருப்பார்கள்" என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்வதற்கில்லை; அந்தப் பெயர் போனபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார். அப்பா சோர்ந்துபோய் மனு அம்மாவிடம் திரும்பி வந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு வாருங்கள்" என்றாராம்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கணவர் இறந்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு வந்த உதவித்தொகை ஆணை. மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருந்தது. மேலே நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று அச்சு, கீழே முத்திரை. அப்பா அதை வாங்கக் கையை நீட்டியபோது அவர் கொடுக்கவில்லை. பக்கத்தில் மனு எழுதுகிறவரிடம் தன் ஸ்டூலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தானே எழுந்து அப்பாவோடு படியேறியிருக்கிறார். அன்று திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். அவரிடம் மனு எழுதக் காத்திருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஊழியரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி, அவர் படித்து முடிக்கும் வரை ஒரு முனையைத் தன் விரலால் பிடித்துக்கொண்டே நின்று, திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதன் பிறகு வேலை தடையில்லாமல் நடந்தது.

காசு விஷயத்தில் அவர் கறார். இரண்டு மனுவுக்கு உள்ளதை வாங்கிக்கொண்டார், குறைக்கவில்லை. அரைநாள் பிழைப்பு போனதற்காக அப்பா தனியாக எடுத்து நீட்டியதற்கு, "அது மனு இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். முன்பின் தெரியாத ஒரு கிழவரின் மகளுக்காக, தன் வாழ்க்கையின் மோசமான வருடத்தின் காகிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தவர் அவர். அம்மா, உங்களுக்கு நன்றி என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை. வேறு எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை. மனு எழுதுவது உங்கள் தொழில், என்னுடையது இல்லை.

இனி மற்றவர்கள். அப்பாவை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு மழையில் சுற்றிய பக்கத்து வீட்டுத் தம்பி, சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்த தலைமையாசிரியர், அந்த ஒரு பக்கத்தை ஒரே இரவில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற வாத்தியார், நோட்டரி வக்கீல், மின்சாரம் வரும் வரை கடையைச் சாத்தாமல் காத்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், இரவுப் பணியை மாற்றிக்கொண்ட தோழிகள், தேக்காவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துவிட்டதா?" என்று கேட்காமல், "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்ட அக்கா. குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடந்தபோது அப்பா காகிதத்தோடு அலைந்துகொண்டிருந்தார். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முறை வைத்துக்கொண்டு தார்ப்பாயை இழுத்து மூடியும் வெயில் அடித்தால் கிளறிவிட்டும் அந்த நெல்லைக் காப்பாற்றியவர்கள் யார் யார் என்று அப்பா எனக்குப் பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறார். ஒருவரையும் மறக்கவில்லை.

தற்காலிகமாக வாழ்வது எப்படி என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். நாங்கள் இத்தனை காலமாக ஓர் அலமாரி வாங்கவில்லை. துணியெல்லாம் பெட்டியில்தான். வேலை போனால் பாஸ், அதாவது வேலை அனுமதி, ரத்தாகும், அதன் பிறகு பொதுவாக முப்பது நாள்தான் தங்க விடுவார்கள். அலமாரியை யார் தலையில் கட்டுவது? பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளக் குறைந்தது மாதம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும். எட்டவில்லை. அவன் பாட்டி கையில் வளர்ந்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளையும் முதல் பல் விழுந்த நாளையும் நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். இப்போது கிடைத்திருப்பதும் கல்லில் வெட்டியது அல்ல. வெளிநாடு போய்த் திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதியைக் கெடு முடியும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும், வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒரு முறை. இருந்தாலும் ஐந்தாண்டு என்பது ஓர் அலமாரிக்குப் போதும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பேச்சு அடிபடுகிறது. ஆம், பையன் பதினெட்டு வயதானதும் இரண்டாண்டு தேசிய சேவை, அதாவது கட்டாயச் சீருடைப் பணி, செய்ய வேண்டும். அது தெரிந்துதான் அவன் பெயரையும் சேர்த்து விண்ணப்பித்தோம். என் அம்மாவுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு; ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்போதே சீருடை போட்டுப் பார்த்து அழுகிறார். பள்ளிக்கூடத்தையும் மற்ற வசதிகளையும் வாங்கிக்கொண்டு, பதினேழு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நழுவுவது நம் வீட்டுக்கு வேண்டாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். பெறுவதைப் பெற்றால் கொடுப்பதைக் கொடுத்தாக வேண்டும். இதைப் பற்றி இனி யாரும் அம்மாவிடம் போய்க் கேட்டு அவரைக் கலங்கவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். பழைய மாவட்டப் பெயரோடு இருக்கிற எந்தக் காகிதத்தையும் எடைக்குப் போடாதீர்கள், திருத்தவும் போகாதீர்கள். அப்பா எங்களுடைய விளக்கப் பக்கத்தின் நகலை வீட்டில் வைத்திருக்கிறார். வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் எப்படிக் கேட்பது என்பதை மட்டும் மனு அம்மாவிடமே எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கும் நாலு காசு வரட்டும்.

பையனை அழைத்துப்போக ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருகிறேன். மனு அம்மா, உங்களை நேரில் பார்க்க வர வேண்டும். திங்கட்கிழமை உங்களிடம் கூட்டம் நெரியும் என்று அப்பா சொன்னார், அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறேன். அப்பாவின் முதியோர் உதவித்தொகைக்கும் ஒரு மனு எழுத வேண்டியிருக்கிறது.