அச்சுக்குக் கொடுக்கும் முன்

அன்புள்ள மாலா,

இங்கே எல்லாரும் நலம். கோபி விஷயம் நேரில் பேசுவோம். பதில் போடவில்லை என்று நீ கோபித்துக்கொண்டது தெரியும். ஆனால் உன் குழந்தைகள் புத்தகத்துக்கான கடல் படத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

படம் கொள்ளை அழகு. ஆனால் ஜெல்லி உயிர்களை எல்லாம் வெயில் படும் மேல்நீரிலேயே மிதக்கவிட்டு, கீழே வெறும் கறுப்பைப் பூசிவிட்டாயே தாயே!

அந்தக் கறுப்புக்குள்தான் திருவிழாவே நடக்கிறது. பல காலம் அது தெரியாமல் போனதற்கு வலைதான் காரணம். மீனும் இறாலும் முழுசாக வரும். இந்த ஜெல்லி உயிர்களோ கிழிந்து கூழாகிவிடும். தப்பித் தவறி வந்த சீப்பு ஜெல்லிகளிலும் (சீப்புப் பல் போன்ற இழை வரிசைகளால் நீந்துபவை) பல, பதப்படுத்த ஃபார்மலினில் போட்டதும் கரைந்துவிடும். கணக்கில் வராததால் அங்கே இல்லை என்றே நினைத்துவிட்டார்கள். 1963-இல் எரிக் பார்ஹாம் என்ற கடல் ஆய்வாளர், ட்ரீயெஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில் இறங்கியபோது கண்டதைச் சொன்னார்: ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் சோனாரில் பொய்த்தரைபோலத் தெரிந்த அடுக்குகளில், சங்கிலிபோல நீண்ட ஜெல்லி உயிர்களான சைஃபோனோஃபோர்கள் கூட்டமாகத் தொங்கின. அவற்றின் வாயுப் பைகள் ஒலியைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. பிறகு கலிஃபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் கேமரா பொருத்திய ரோபோக்கள் இறங்கியதும் நடுக்கடலின் கதையே மாறியது.

200 மீட்டருக்குக் கீழே சிவப்பு எடுபடாது, கறுப்பாகவே தெரியும். இரத்தவயிற்றுச் சீப்பு ஜெல்லியைப் பார்: உடம்பு கண்ணாடி, வயிறு மட்டும் அடர்சிவப்பு. விழுங்கிய இரை உள்ளே ஒளிர்ந்தாலும் வெளியே கசியாது. பெரிஃபில்லா என்ற ஆழ்கடல் ஜெல்லிமீனுக்கோ வெளிச்சமே ஆகாது. உடம்பிலுள்ள நிறமியே வெளிச்சம் பட்டால் நஞ்சாகிவிடும். பகலில் ஆழத்தில் இருந்துவிட்டு இரவில் மேலே வரும். அதற்கு நீ ஓர் அம்புக்குறியாவது போட வேண்டும்.

இராட்சத லார்வேசியனை விட்டுவிடாதே. வால்கொண்ட, சில சென்டிமீட்டரே உள்ள மிதக்கும் உயிர் அது; சளியால் ஒரு மீட்டர் அகல வீடு கட்டும். வீடு அடைத்துக்கொண்டால் உதறிவிட்டு வேறு கட்டும். உதறியது கார்பனைச் சுமந்தபடி கடல் தரைவரை இறங்கும்; அடியில் வாழ்பவற்றுக்கு அதுதான் சோறு.

ஆழத்துச் சீப்பு ஜெல்லிகளை மேலே கொண்டுவந்தால் பல கலைந்தே போகின்றன. அவற்றின் செல்சவ்வுக் கொழுப்பே அந்த அழுத்தத்துக்கு ஏற்றது என்று 2024-இல் கண்டிருக்கிறார்கள். இருக்கும் இடத்தில் மட்டுமே இருக்கக்கூடிய உயிரை, இடம் மாற்றி வரைந்து குழந்தைகள் கையில் கொடுப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை மாலா.

சுந்தரி அக்காவிடம் ஒரு வாரம் அவகாசம் கேள். திட்டினால் என் பெயரைச் சொல். எந்த ஆழத்தில் எது என்று தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். திருத்திய படத்தை முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
தேன்மொழி